கோள்களின் படங்களில் எரிமலையைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

நாசா, இஸ்ரோ, ஐரோப்பிய விண்வெளி முகமை ஆகிய மூன்றும் தங்கள் விண்கலங்கள் எடுத்த படங்களை இலவசமாகவே வெளியிடுகின்றன. நாசாவின் 'மூன் ட்ரெக்', 'மார்ஸ் ட்ரெக்' தளங்களைத் திறந்தால் நிலாவையும் செவ்வாயையும் வரைபடம் போல நகர்த்தி, பெரிதாக்கிப் பார்க்கலாம். சந்திரயான்-2 எடுத்த படங்கள் இஸ்ரோவின் 'பிரதான்' தளத்தில் இருக்கின்றன. படத்துக்குப் பஞ்சமில்லை. திறந்து பார்த்தால் எல்லாம் பள்ளமும் மேடுமாக ஒரே மாதிரி தெரிகிறதே, இதில் எது எரிமலை, எது விண்கல் விழுந்த குழி, எது வெறும் நிழல் என்று பிரிக்கத் தெரியாமல்தான் பலரும் தளத்தை மூடிவிடுகிறார்கள். அதைப் பிரிக்கும் முறையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. எரிமலை என்றதும் கூம்பு மலையும் உச்சியில் புகையும் மனதில் வந்தால் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஒரு கோள் தன் வயிற்றுச் சூட்டை வெளியே தள்ளும் வழிகளில் எரிமலை ஒன்று. அந்தச் சூடு வெளியேறிய இடம் மலையாகவும் இருக்கலாம், சமவெளியாகவும் இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம். சூரியக் குடும்பத்தில் எரிமலைக் குழம்பு மூடிய பரப்பில் பெரும்பகுதி தட்டையான நிலம்தான். மலையை மட்டும் தேடினால் பாதிக்கு மேல் தவறவிடுவீர்கள்.

படி 1: படம் எப்படி எடுக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள்

படத்தின் கீழே இருக்கும் குறிப்பைப் படிக்காமல் படத்தைப் பார்க்கவே வேண்டாம். சாதாரண ஒளியில் எடுத்ததா, அகச்சிவப்பா, ரேடாரா? ஒரு புள்ளி எத்தனை மீட்டர்? நிறம் உண்மையா, பூசியதா? உயரத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறார்களா?

வெள்ளிக் கோளை எடுத்துக்கொள்வோம். அதன் மேகங்களைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியும் ஒளி தரையின் தெளிவான படத்தைக் கொண்டுவராது. அதனால் 1990 முதல் 1994 வரை சுற்றிய மகெல்லன் விண்கலம் ரேடார் அலைகளை அனுப்பி, அவை திரும்பி வருவதை வைத்து வெள்ளியின் தரையில் சுமார் 98 சதவீதத்தைப் பதிவு செய்தது. ரேடார் படத்தில் பளிச்சென்று இருப்பது பெரும்பாலும் கரடுமுரடான தரை, கருப்பாக இருப்பது வழவழப்பான தரை. வெளிச்சம், இருட்டு என்று நாம் பழகிய பொருளில் அதைப் படிக்கக் கூடாது. எல்லோரும் பார்த்திருக்கும் அந்த ஆரஞ்சு நிறம் கணினியில் சேர்த்தது. தரையிறங்கிய சோவியத் வெனிரா கலங்கள் அனுப்பிய வண்ணப் படங்களை ஒட்டித் தேர்ந்தெடுத்தது. மாட் மோன்ஸ் என்ற எரிமலை வானத்தைக் குத்திக்கொண்டு நிற்பது போன்ற பிரபலமான படத்தில் உயரம் பல மடங்கு கூட்டப்பட்டிருக்கிறது. உண்மையில் அது சுமார் 8 கி.மீ. உயரம், ஆனால் பல நூறு கி.மீ. அகலத்துக்குப் பரந்து கிடப்பதால் நேரில் நின்றால் பெரிய சரிவாகவே தோன்றாது. இந்தப் படங்கள் பொதுமக்களுக்கு ஆர்வமூட்டத்தான் செய்யப்பட்டன என்றாலும், அவை ஏற்படுத்திய தவறான எண்ணம் இன்னும் போகவில்லை.

வியாழனின் துணைக்கோளான ஐயோவுக்கும் இதே கதை. வாயேஜர் விண்கலங்களின் காலத்துப் படங்களில் அது அடர்ந்த ஆரஞ்சும் சிவப்புமாக இருக்கும். பின்னால் வந்த கலீலியோ விண்கலத்தின் படங்களில் அதன் நிறம் வெளிறிய மஞ்சள்.

படி 2: வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?

நம் கண் வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். படத்தில் சூரியன் கீழிருந்து அடித்தால் குழியெல்லாம் மேடாகவும், மேடெல்லாம் குழியாகவும் தெரியும். சந்தேகம் வந்தால் படத்தை 180 டிகிரி திருப்பிப் பாருங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு விண்கல் குழியை அடையாளமாக வைத்துக்கொண்டு, அது குழியாகத் தெரியும் வரை திருப்பினால் மற்றதெல்லாம் சரியாகிவிடும்.

சூரியன் உச்சியில் இருக்கும்போது எடுத்த படத்தில் மேடுபள்ளம் தெரியாது, பாறையின் நிறவேறுபாடு மட்டும் தெரியும். தாழ்வாக இருக்கும்போது எடுத்ததில் நிறம் மங்கி நிழல்கள் பேசும். ஒரே இடத்தின் இரண்டு விதப் படங்களும் வேண்டும். நிலாவில் இதை வீட்டு மொட்டை மாடியிலேயே செய்து பார்க்கலாம். கோப்பர்னிகஸ் பள்ளத்துக்கு மேற்கே, ஹார்டென்சியஸ் என்ற சிறு பள்ளத்துக்கு வடக்கே, சில தாழ்ந்த குமிழ் மேடுகள் இருக்கின்றன. எல்லாம் பழைய எரிமலைகள், சிலவற்றின் உச்சியில் சின்னத் துளையும் உண்டு. பௌர்ணமியன்று எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும் அவை தெரியாது. வளர்பிறையில் பகல் எல்லைக்கோடு அந்தப் பக்கம் நகரும் இரவில் ஒரு நடுத்தரத் தொலைநோக்கியிலேயே தெரிந்துவிடும்.

படி 3: விண்கல் குழியா, எரிமலை வாயா?

இதுதான் முழு வேலையின் மையம். படித்தவர்களே இதில் நூறாண்டுகளுக்கு மேல் சண்டை போட்டிருக்கிறார்கள். நிலாவின் குழிகள் எரிமலை வாய்கள் என்று 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல வானியலாளர்கள் நம்பினார்கள்.

விண்கல் மோதிய குழிக்கு விளிம்பு உயர்ந்திருக்கும், தரை சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்திருக்கும். வெளியே வீசப்பட்ட கல்லும் தூளும் சுற்றிலும் பரவியிருக்கும். புதிய குழியானால் வெள்ளைக் கதிர்கள் நூற்றுக்கணக்கான கி.மீ. நீளும். பெரிய குழியின் நடுவில் ஒரு சிகரம் எழுந்து நிற்கும். அதிர்ச்சியில் தரை அமுங்கி மீண்டும் எழும்பியதால் வந்தது அது. எரிமலை என்று நினைத்து ஏமாறுவது பெரும்பாலும் இந்தச் சிகரத்தில்தான். விண்கல் மிகச் சாய்வாக வந்து விழுந்தால் தவிர, குழி வட்டமாகவே இருக்கும்.

எரிமலை வாய் அப்படியல்ல. பெரும்பாலும் அது மேட்டின் உச்சியில் இருக்கும். வட்டம் கோணலாக இருக்கும். கீழே குழம்பு வற்றியதும் கூரை சரிந்து விழுவதால் உண்டாகும் பெரிய வாயை கால்டெரா என்கிறோம்; ஒரு முறைக்கு மேல் சரிந்தால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். செவ்வாயின் ஒலிம்பஸ் மோன்ஸ் உச்சியில் இப்படி ஆறு வட்டங்கள் பின்னிக் கிடக்கின்றன. கால்டெராவைச் சுற்றி வெள்ளைக் கதிர்கள் இருக்காது, கற்குவியல் விளிம்பும் இருக்காது.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி சுமார் 1.8 கி.மீ. அகலமுள்ள வட்டக் குழி. அது இருப்பதோ தக்காணத்தின் எரிமலைப் பாறைக்கு நடுவில். சுற்றிலும் லாவா என்றால் குழியும் எரிமலை வாயாகத்தானே இருக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் வந்து பார்த்தவர்கள் முடிவு கட்டினார்கள். மோதலின் அதிர்ச்சியில் மட்டுமே உருவாகக்கூடிய கண்ணாடியும் சிதைந்த கனிமங்களும் அங்கே கிடைத்த பிறகே, 1970களில், அது விண்கல் குழி என்று உறுதியானது. எரிமலை நிலத்தில் இருக்கும் குழி எரிமலை வாயாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

மாறாகவும் நடக்கும். புதனின் காலோரிஸ் என்ற மாபெரும் மோதல் வட்டாரம் சுமார் 1,550 கி.மீ. அகலம். அதன் உள்ளே, ஓரத்தை ஒட்டி, உயர்ந்த விளிம்பில்லாத கோணல்மாணல் பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி வெளிறிய, சற்றே செம்மை கலந்த தூள் படிந்திருக்கிறது. வாயு அழுத்தத்தில் வெடித்த எரிமலைகள் அவை. மோதல் குழிக்குள்ளேயே எரிமலை.

படி 4: குழம்பு எப்படி ஓடியது?

வாய் கிடைத்துவிட்டால் அதிலிருந்து வெளியே போன பொருளைத் தொடருங்கள். குழம்பில் சிலிக்கா குறைவாக இருந்தால் (பசால்ட் என்ற கரும் எரிமலைப் பாறையில் சுமார் 50 சதவீதம்) அது இளகி ஓடும். 70 சதவீதத்தை எட்டினால் கெட்டிப்பட்டு வாயருகிலேயே குவியும். வாயு அதிகமானால் வெடித்துச் சிதறும். இந்த மூன்றையும் வைத்தே பெரும்பாலான உருவங்களை விளக்கிவிடலாம்.

மிக இளகிய குழம்பு மலையே கட்டாது, தாழ்ந்த நிலத்தை நிரப்பிவிடும். நிலாவில் கறுப்பாகத் தெரியும் 'கடல்கள்' எல்லாம் இப்படி நிரம்பிய பசால்ட் சமவெளிகள். நிலாப் பரப்பில் சுமார் 17 சதவீதம் இவை. பெரும்பாலும் நம்மைப் பார்க்கும் பக்கத்தில். மும்பையிலிருந்து புனே போகும் மலைப்பாதையில் படிக்கட்டு போல அடுக்கடுக்காகத் தெரியும் கரும்பாறையும் இதே வகைதான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த குழம்பின் மிச்சம் இன்றும் 5 லட்சம் சதுர கி.மீ. அளவுக்கு இருக்கிறது. அஜந்தாக் குகைகள் குடையப்பட்டது இந்தப் பாறையில்தான்.

சரி, நிலாவின் வெள்ளைப் பகுதி? அது எரிமலைக் குழம்பு வழிந்து வந்ததல்ல. நிலா பிறந்த புதிதில் அதன் மேற்பகுதி முழுவதும் உருகிக் கிடந்தபோது, எடை குறைந்த கனிமங்கள் மேலே மிதந்து உறைந்ததால் உண்டான அனார்த்தோசைட் பாறை. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி தென்துருவத்துக்கு அருகே மண்ணைச் சோதித்தபோது கிடைத்த கலவை இதற்குப் பொருந்தியது. இறங்குவதற்கான ஒத்திகைக்கு இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்தது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்துத்தான்.

குழம்பு ஓடிய வாய்க்கால்களையும் கவனியுங்கள். ஆறு போல வளைந்து போகும், ஆனால் கிளைநதிகள் வந்து சேராது. வாயருகே அகலமாகத் தொடங்கிப் போகப் போகக் குறுகும். 1971இல் அப்பல்லோ 15 வீரர்கள் விளிம்பில் நின்று பார்த்த ஹாட்லி பள்ளத்தாக்கு சுமார் 1.5 கி.மீ. அகலம், 300 மீ. ஆழம். வெள்ளியின் பால்டிஸ் வாலிஸ் சுமார் 6,800 கி.மீ. நீளம், இதுவரை தெரிந்த வாய்க்கால்களில் மிக நீண்டது. மேற்புறம் உறைந்து உள்ளே ஓடினால் குகை உண்டாகும். அதன் கூரை ஓரிடத்தில் இடிந்தால் மேலிருந்து கறுப்பு ஓட்டை தெரியும். நிலாவின் மேரியஸ் குன்றுகளில் ஜப்பானின் ககுயா கலம் 2009இல் கண்டது அப்படி ஓர் ஓட்டை. விளிம்பும் கிடையாது, சுற்றிலும் சிதறலும் கிடையாது என்பதால் விண்கல் குழியிலிருந்து எளிதாகப் பிரிக்கலாம்.

கெட்டிக் குழம்புக்கு வெள்ளியே நல்ல இடம். தோசைக்கல்லில் ஊத்தப்ப மாவை ஊற்றிவிட்டுத் தேய்க்காமல் விட்டது போன்ற வட்ட மேடுகள் அங்கே இருக்கின்றன: சுமார் 25 கி.மீ. அகலம், ஒரு கி.மீ.க்கும் குறைந்த உயரம், செங்குத்தான ஓரம். வெள்ளியின் தரையில் காற்றழுத்தம் பூமியைப் போல 90 மடங்குக்கு மேல். குழம்பில் கரைந்த வாயு அந்த அழுத்தத்தில் எளிதில் பொங்காது என்பதால் வெடிப்பு எரிமலைகள் அங்கே குறைவு. காற்றே இல்லாத நிலாவில் நேர்மாறு: கொஞ்சம் வாயு இருந்தாலும் குழம்பு நீரூற்றாகப் பீறிட்டுத் துளிகளாக உறைந்துவிடும். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 வீரர்கள் அள்ளிவந்த ஆரஞ்சு மண் அப்படி உறைந்த கண்ணாடி மணிகள்.

அப்புறம் அளவு. ஒலிம்பஸ் மோன்ஸ் சுமார் 22 கி.மீ. உயரம், 600 கி.மீ. அகலம். ஹவாயின் மௌனா லோவா கடலடியிலிருந்து அளந்தாலும் 9 கி.மீ. அளவுதான். இரண்டும் ஒரே இனம், இளகிய பசால்ட் அடுக்கடுக்காக வழிந்து வளர்ந்த கேடய எரிமலைகள். பூமியில் மேலோட்டுத் தட்டுகள் நகர்வதால் ஹவாயில் ஒரு மலை வளர்ந்ததும் தன் சூட்டு மூலத்தை விட்டு விலகிவிடுகிறது. அடுத்த தீவு தொடங்குகிறது. செவ்வாயில் தட்டு நகரவில்லை. ஒரே இடத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் குழம்பு வந்து கொட்டியது. ஈர்ப்பும் பூமியில் 38 சதவீதம்தான், தடித்த மேலோடு எடையைத் தாங்கிக்கொண்டது. 1971 நவம்பரில் மரைனர் 9 விண்கலம் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது கோள் முழுதும் தூசிப்புயல். தூசிக்கு மேலே நான்கு கரும்புள்ளிகள் மட்டும் தெரிந்தன. புயல் அடங்கியதும்தான் அவை ஒலிம்பஸ் மோன்ஸும் தார்சிஸ் என்ற மேட்டுநிலத்தின் மூன்று பெரிய எரிமலைகளும் என்று புரிந்தது.

படி 5: வயதைக் கணக்கிடுங்கள்

விண்கற்கள் எல்லா இடத்திலும் விழுந்துகொண்டே இருக்கின்றன. எனவே குழிகள் நெருக்கமாக இருக்கும் தரை பழையது, குறைவாக இருப்பது புதியது. ஒரு சதுரம் வரைந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட குழிகளை எண்ணி, பக்கத்து நிலத்தோடு ஒப்பிடுங்கள். எது முந்தையது என்பதை இதிலேயே சொல்லிவிடலாம்.

எத்தனை கோடி ஆண்டு என்று எண்ணில் சொல்ல, கையில் கல் வேண்டும். அப்பல்லோ கொண்டுவந்த கற்களின் வயதையும் அந்தந்த இடத்துக் குழிகளின் எண்ணிக்கையையும் பொருத்தியே அளவுகோல் செய்தார்கள். அந்தக் கற்களில் பெரும்பாலானவை 300 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. 2020 டிசம்பரில் சீனாவின் சாங்'இ-5 கொண்டுவந்த பசால்ட் சுமார் 203 கோடி ஆண்டு என்று தெரிந்தபோது அளவுகோலின் நடுவே இருந்த பெரிய இடைவெளியில் ஒரு புள்ளி விழுந்தது. அவ்வளவு சிறிய நிலா அத்தனை காலம் கழித்தும் எப்படிச் சூடாக இருந்தது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

செவ்வாயில் இருந்து கல் எடுத்துவர இன்னும் யாரும் போகவில்லை. ஆனால் செவ்வாயே சில கற்களை அனுப்பியிருக்கிறது. 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷெர்காட்டியில் ஒரு விண்கல் விழுந்தது. பின்னால் ஆராய்ந்ததில் அது செவ்வாயின் எரிமலைப் பாறை என்று தெரிந்தது. அந்த வகை செவ்வாய்க் கற்கள் அனைத்துக்கும் உலகம் முழுதும் 'ஷெர்கோட்டைட்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவற்றில் பல உறைந்து சில பத்துக் கோடி ஆண்டுகளே ஆனவை. ஆக, செவ்வாயின் எரிமலைகள் ஆதிகாலத்தோடு அணைந்துவிடவில்லை.

இந்த முறை எல்லா உலகங்களுக்கும் பொருந்திவிடாது. வெள்ளியில் மொத்தமே ஏறத்தாழ ஆயிரம் குழிகள். சிறிய விண்கற்கள் அடர்ந்த காற்றிலேயே அழிந்துவிடுவதால் சில கி.மீ.க்குக் குறைந்த குழிகள் இல்லை. முழுக் கோளின் தரைக்குச் சராசரியாகச் சில பத்துக் கோடி ஆண்டு என்று சொல்லலாம். தனி ஒரு எரிமலைக்கு வயது சொல்ல முயன்றால் எண்ணுவதற்கு இரண்டு குழிகூடக் கிடைக்காது. ஐயோவில் இதுவரை ஒரு விண்கல் குழியும் கண்டுபிடிக்கப்படவில்லை. அவ்வளவு வேகமாகத் தரை புதிதாகிக்கொண்டிருக்கிறது.

படி 6: இன்னும் உயிரோடு இருக்கிறதா?

மூன்று வகைச் சான்றுகள் உண்டு. புகைத்தூண் தெரிய வேண்டும், அல்லது அகச்சிவப்பில் சூடு தெரிய வேண்டும், அல்லது வெவ்வேறு காலத்தில் எடுத்த இரண்டு படங்களுக்கிடையே தரை மாறியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்றும் இல்லாமல் 'பார்த்தால் புதிதாக இருக்கிறது' என்பதை மட்டும் வைத்து உயிர் இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

புகைத்தூணுக்கு ஐயோதான் முதல் உதாரணம். 1979 மார்ச் 8 அன்று வாயேஜர் 1, ஐயோவைக் கடந்து போன பிறகு, வழி சரிபார்ப்பதற்காகத் திரும்பி ஒரு படம் எடுத்தது. பின்னணியில் இருந்த மங்கலான நட்சத்திரங்கள் தெரிய வேண்டும் என்பதற்காக அது. மறுநாள் வழிகாட்டல் பிரிவில் இருந்த லிண்டா மொராபிட்டோ படத்தின் பிரகாசத்தைக் கூட்டியபோது, ஐயோவின் விளிம்புக்கு வெளியே பிறை வடிவில் பெரிய மங்கல் ஒன்று தெரிந்தது. எரிமலை கக்கிய தூண். பூமிக்கு வெளியே இயங்கும் எரிமலையை மனிதர் கண்டது அதுவே முதல் முறை, அதுவும் வழி பார்க்க எடுத்த படத்தில். நீங்களும் கோளின் விளிம்பைத் தவறாமல் பாருங்கள், கறுப்பு வானத்தை நன்றாகப் பிரகாசப்படுத்திப் பாருங்கள்.

படங்களை ஒப்பிடுவதற்கு வெள்ளியை விடப் பொறுமையைச் சோதிக்கும் இடம் கிடையாது. மகெல்லன் ஒரே இடத்தை வெவ்வேறு கோணங்களில் பார்த்ததால் இரண்டு படங்கள் தானாகவே வேறு மாதிரி இருக்கும். ராபர்ட் ஹெரிக், ஸ்காட் ஹென்ஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 1991 பிப்ரவரியிலும் அதே ஆண்டு அக்டோபரிலும் எடுத்த படங்களை ஒப்பிட்டது. மாட் மோன்ஸ் அருகே வட்டமாக, சுமார் 2.2 சதுர கி.மீ. இருந்த ஒரு வாய் எட்டு மாதத்தில் ஏறக்குறைய இருமடங்காகி வடிவமும் கோணலாகியிருந்தது. கோண வேறுபாட்டால் அப்படித் தெரியுமா என்று கணினியில் உருவங்கள் செய்து பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகே சொன்னார்கள். புதிய விண்கலம் எதுவும் போகவில்லை. முப்பது ஆண்டுகளாகக் கிடங்கில் கிடந்த படங்களில் இருந்த செய்தி அது.

செவ்வாய் இன்னும் இழுபறியில் இருக்கிறது. செர்பெரஸ் ஃபோசே என்ற விரிசல் வட்டாரத்தில் ஒரு வெடிப்புப் படிவு சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதாக இருக்கலாம் என்று குழி எண்ணிக்கையை வைத்துச் சொல்கிறார்கள். 2018 முதல் 2022 வரை இயங்கிய இன்சைட் கலம் பதிந்த செவ்வாய் நடுக்கங்களில் முக்கியமானவை பலவும் அதே வட்டாரத்திலிருந்து வந்தன. புகையில்லை, அகச்சிவப்பில் சூடில்லை. செத்துவிட்டது என்று எழுத எனக்குக் கை வராது. உயிரோடிருக்கிறது என்று எழுதவும் வராது.

படி 7: சூடு எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் அடையாள அணிவகுப்புதான். பொதுவாக உடல் சிறியதானால் சீக்கிரம் ஆறும். புதனில் பரவலான குழம்பு ஓட்டம் சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துவிட்டது. ஆறும்போது கோள் சுருங்கியதால் மேலோடு இறுகி, குழம்பு ஏறி வரும் வழிகளும் அடைபட்டன. சுருங்கியதன் தடயமாக நீண்ட மதில் போன்ற மேடுகளை, புதனைச் சுற்றிய மெசெஞ்சர் விண்கலத்தின் படங்களில் கோள் முழுவதும் பார்க்கலாம்.

இந்த விதிப்படி நம் நிலாவைவிடச் சற்றே பெரிய ஐயோ எப்போதோ அணைந்திருக்க வேண்டும். அங்கேயோ 400க்கு மேற்பட்ட எரிமலைகள் இயங்குகின்றன. காரணம் வெளியே இருக்கிறது. ஐயோ வியாழனை நான்கு சுற்றும்போது, அதன் மற்ற துணைக்கோள்களில் யூரோபா இரண்டு சுற்றும், கேனிமீடு ஒன்று சுற்றும். இந்த ஒழுங்கான இழுப்பு ஐயோவின் பாதை முழு வட்டமாகிவிடாமல் தடுக்கிறது. வியாழனுக்கு அருகே வரும்போது நீண்டும், விலகும்போது தளர்ந்தும், 42 மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் உடல் பிசையப்படுகிறது. உராய்வுச் சூடு பாறையை உருக்குகிறது. ஸ்டான்டன் பீல், பேட்ரிக் கேசன், ரே ரெனால்ட்ஸ் மூவரும் இதைக் கணக்குப் போட்டு, அங்கே எரிமலைகள் இருக்கக்கூடும் என்று எழுதிய கட்டுரை 1979 மார்ச் 2 அன்று அச்சில் வந்தது. மொராபிட்டோ அந்தத் தூணைப் பார்த்தது ஒரு வாரம் கழித்து. கோளியலில் இவ்வளவு கச்சிதமாக நிறைவேறிய கணிப்பு வேறொன்று எனக்குத் தெரியாது.

ஐயோவில் நம்மை ஏமாற்றும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. அங்கே 15 கி.மீ.க்கு மேல் உயர்ந்த மலைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை எரிமலைகளே அல்ல, மேலிருந்து புதுக் குழம்பின் எடை அழுத்த அழுத்தப் பிளந்து மேலே தள்ளப்பட்ட மேலோட்டுத் துண்டுகள். எரிமலைகளோ தட்டையான பள்ளங்கள். லோகி பாட்டெரா என்ற சுமார் 200 கி.மீ. அகலமுள்ள லாவா ஏரி அவற்றில் மிகப் பெரியது.

படி 8: பனி உலகங்களில் அளவுகோலை மாற்றுங்கள்

பனி உலகங்களில் பாறையின் வேலையைப் பனிக்கட்டியும், குழம்பின் வேலையை உப்புத் தண்ணீரும் செய்கின்றன. இங்கே 'பனி எரிமலை' என்ற பட்டம் தாராளமாக வழங்கப்படுகிறது. என் பார்வையில் அளவுக்கு மீறி. எனவே படி 6இன் மூன்று சான்றுகளை இங்கே இன்னும் கண்டிப்பாகக் கேளுங்கள்.

சனியின் துணைக்கோளான என்சலடஸ் அதில் முழு மதிப்பெண் வாங்கும். 504 கி.மீ. விட்டம்தான். அதன் தென்துருவத்தில் 'புலி வரிகள்' எனப்படும் நான்கு விரிசல்கள், ஒவ்வொன்றும் சுமார் 130 கி.மீ. நீளம். 2005இல் காசினி விண்கலம் அங்கிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதைக் கண்டது. விரிசல்களில் சூட்டையும் அளந்தது. பிறகு அந்தத் தூணுக்குள்ளேயே புகுந்து போய் உப்பு, ஹைட்ரஜன் எல்லாம் இருப்பதைக் கண்டறிந்தது. என்சலடஸ் சனியிலிருந்து மிக விலகியிருக்கும் நேரத்தில் தூண் அதிகப் பிரகாசமாகிறது, நெருங்கினால் மங்குகிறது. ஐயோவைப் போலவே இழுப்புச் சூடு என்பதற்கு இது நேரடி அடையாளம்.

நெப்டியூனின் துணைக்கோளான டிரைட்டன் வேறு கதை. 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 அங்கே சுமார் 8 கி.மீ. உயரத்துக்கு எழுந்து காற்றில் வளையும் கறுப்புத் தூண்களைப் படம் பிடித்தது. வெப்பநிலை சுமார் மைனஸ் 235 டிகிரி. நைட்ரஜன் பனிக்குள் சூரிய ஒளி புகுந்து அடியில் சூடாக்கி, வாயு வெடித்துக் கிளம்புவதாக ஒரு வலுவான விளக்கம் உண்டு. செவ்வாயின் தென்துருவத்தில் வசந்த காலத்தில் உலர்பனிக்கு அடியிலிருந்து தூசு பீறிடுவதும் இதே வகை. தூண் இருக்கிறது, ஆனால் சூடு உள்ளிருந்து வரவில்லை. அதை எரிமலை என்று சேர்ப்பதா வேண்டாமா? நான் சேர்க்க மாட்டேன்.

சீரிஸ் என்ற குறுங்கோளின் அஹுனா மோன்ஸ் சுமார் 4 கி.மீ. உயரத் தனிமலை, உப்புச் சேறு பிதுங்கி எழுந்தது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். புளூட்டோவின் ரைட் மோன்ஸ் சுமார் 150 கி.மீ. அகலம், நடுவில் ஆழமான பள்ளம், மேலே விண்கல் குழிகள் மிகக் குறைவு. வடிவம் பொருந்துகிறது, இளமையும் பொருந்துகிறது. ஆனால் கையிலிருப்பது 2015இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் ஒரே முறை கடந்து போனபோது எடுத்த படங்கள் மட்டும். சனியின் துணைக்கோளான டைட்டனின் சோட்ரா பாட்டெராவும் இதே நிலையில்தான்.

படி 9: பயிற்சி வரிசை

ஐயோவிலிருந்து தொடங்க ஆசை வரும், வேண்டாம். முதலில் நிலா: கோப்பர்னிகஸ் பள்ளத்தையும் ஹார்டென்சியஸ் மேடுகளையும் அருகருகே வைத்து படி 3ஐச் செய்யுங்கள். அடுத்து செவ்வாயில் ஒலிம்பஸ் மோன்ஸ், அதன் கால்டெராவின் ஆறு வட்டங்களில் எது கடைசியாகச் சரிந்தது என்று கண்டுபிடியுங்கள் (வெட்டப்படாமல் முழு வட்டமாக இருப்பதே கடைசி). மூன்றாவதாக வெள்ளியின் ரேடார் படங்கள். ஐயோ, என்சலடஸ், கடைசியில் ரைட் மோன்ஸ்.

ஒவ்வொன்றுக்கும் நோட்டில் இரண்டு பத்தி போதும். முதல் பத்தியில் கண்ணில் பட்டது மட்டும்: வடிவம், அளவு, விளிம்பு, குழி எண்ணிக்கை, நிழலின் பக்கம். இரண்டாவதில் அதிலிருந்து நீங்கள் ஊகித்தது. இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு எந்த வரியை மாற்றுவது என்று தெரியாது. படத்தின் எண்ணையும் எடுத்த தேதியையும் மறக்காமல் குறித்து வையுங்கள். நாசாவின் யூரோபா கிளிப்பர் விண்கலம் 2030இலும், ஐரோப்பாவின் ஜூஸ் 2031இலும் வியாழனைச் சென்றடையத் திட்டம். வெள்ளிக்குப் போகவிருக்கும் வெரிட்டாஸ், என்விஷன் இரண்டும் ரேடார் கொண்டவை. அவற்றின் படங்கள் வரும்போது பழைய மகெல்லன் படத்தோடு ஒப்பிட, அந்த எண்ணும் தேதியும்தான் தேவைப்படும்.